76 வயதில் அம்மா பார்த்த கொடைக்கானல்!

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி வடக்கே பார்த்தால் மலைதான். காலையில் நீலமாக நிற்கும். மழைக்காலத்தில் பாதி மலை காணாமல் போய்விடும். இருட்டியதும் உச்சியில் சின்னச் சின்னதாக விளக்குகள் மினுக்கும். அதுதான் கொடைக்கானல். நேர்க்கோட்டில் அளந்தால் 15 கிலோமீட்டர் இருக்கும். சாலையில் சுற்றிக்கொண்டு போனால் 60 கிலோமீட்டருக்கு மேல்.

எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிற அந்த ஊரை, அதன் அடிவாரத்திலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்த என் அம்மா பார்த்ததே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் அப்பா அந்த மலைக்கு லாரி ஓட்டியவர். 1970-லிருந்து முப்பது வருஷம். ஏறும்போது அரிசி, பருப்பு, சிமென்ட். இறங்கும்போது கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பிளம்ஸ், பேரிக்காய். பூம்பாறையில் பூண்டு மூட்டைகளை ஏற்றி, எங்கள் ஊரை ஒட்டியிருக்கும் வடுகபட்டி பூண்டுச் சந்தையில் கொண்டுவந்து இறக்குவார். அப்பா வாசலுக்கு வரும் முன்பே பூண்டு வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அப்பாவின் சட்டைதான் ஞாபகம் வந்தது.

லோடு சேராத நாள்களில் ராத்திரி மேலேயே தங்கிவிடுவார். அப்போது எங்கள் தெருவில் போன் ஏது? எட்டு மணி ஆனதும் அம்மா மொட்டைமாடிக்குப் போய் 40 வாட்ஸ் பல்பைப் போடுவார். "உங்கப்பா மலை ஓரத்துல நின்னு நம்ம வீட்டு லைட்டைப் பார்ப்பாரு" என்பார். நானும் தம்பியும் மலையைப் பார்த்துக் கையாட்டுவோம். மறுநாள் அப்பா வந்ததும் எங்கள் முதல் கேள்வி, "லைட் தெரிஞ்சுச்சாப்பா?" என்பதுதான்.

"தெரிஞ்சுச்சே! நீங்க கையாட்டுனதுகூடத் தெரிஞ்சுச்சு" என்பார் அப்பா.

ஒவ்வொரு சித்திரையிலும் அம்மா கேட்பார், "ஊரையே ஏத்தி இறக்குறீங்க. எங்களை ஒரு தடவை கூட்டிட்டுப் போகக் கூடாதா?" அப்பாவின் பதில் ஒன்றுதான். "அடுத்த சீசனுக்குப் போவோம்."

நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்விட்டேன். தம்பி கூட்டாளிகளோடு போய்விட்டான். அம்மாவுக்கு மட்டும் அந்த அடுத்த சீசன் வரவில்லை. அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அதன்பிறகு நாங்கள் எத்தனையோ முறை கூப்பிட்டோம். "அவரு கூட்டிட்டுப் போகாத ஊரு எனக்கு எதுக்கு?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த வரியில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு என் மகன் கேட்டான். "அம்மாச்சி, ஒரு எட்டு மலைக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்ன நினைத்தாரோ, உடனே சம்மதித்துவிட்டார். "உன் கார்ல வாந்தி எடுத்தா என்னைத் திட்டக் கூடாதுய்யா" என்பது மட்டும்தான் நிபந்தனை.

முதல் வேலையாக இ-பாஸ் எடுத்தோம். நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வாங்க வேண்டும். இணையத்தில் பதிந்தால் கைபேசிக்கு வந்துவிடுகிறது. கட்டணம் கிடையாது. "மலைக்குப் போக பாஸா? உங்க தாத்தா என்ன பாஸ் வாங்கிட்டா போனாரு?" என்று அம்மாவுக்குச் சிரிப்பு. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை என்பதால், பழைய எவர்சில்வர் கூஜாவைத் தேடி எடுத்துத் துலக்கி வைத்தார்.

கிளம்பும்போது அம்மாவின் மஞ்சப்பையில் எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், தைலம். அடியில் மடித்து வைத்த அப்பாவின் காக்கி ஸ்வெட்டர். வண்டியை எடுக்கும்போது மகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மாச்சி, மொட்டைமாடியில லைட் எரியுது" என்றான்.

"எரியட்டும். நீ வண்டியை எடு" என்றார் அம்மா. வீட்டில் யாரும் இல்லாதபோது திருட்டுப் பயத்துக்காகப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேவதானப்பட்டி தாண்டி காட்ரோட்டில் திரும்பியதும் மலை ஆரம்பம். இந்தச் சாலைக்கு லாஸ் காட் ரோடு என்று பெயர். லா என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர். வேலை பல வருஷம் இழுத்துக்கொண்டு போய், முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வண்டிகள் கொடைக்கானல் வரை ஏறத் தொடங்கின.

அதற்கு முன் எப்படிப் போனார்கள்? ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வருவார்கள். இன்று நாம் கொடை ரோடு என்று சொல்லும் ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். தோப்பிலிருந்து மேலே ஏறும் செங்குத்தான பாதையில் வண்டி போகாது. தெம்பு உள்ளவர்கள் நடப்பார்கள், அல்லது குதிரையில் போவார்கள். மற்றவர்களை நாற்காலியிலோ டோலியிலோ உட்கார வைத்து ஆள்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர், கூலி காட்.

இதை நான் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். "எங்க தாத்தாவும் டோலி தூக்குனவருதான். தோள்ல ரெண்டு பக்கமும் காய் காய்ச்சிருக்கும். நான் சின்னப் புள்ளையில தொட்டுப் பார்த்திருக்கேன். கல்லு மாதிரி இருக்கும்."

நான் வாயடைத்துப் போனேன். இத்தனை வருஷத்தில் இதை அம்மா சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினோம். எதிர் மலையில் எலிவால் அருவி என்கிற தலையாறு அருவி, 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூல்போல விழுந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. கீழே மஞ்சளாறு அணையின் தண்ணீர் பளபளத்தது. அம்மா அருவியைப் பார்க்கவில்லை. நாங்கள் ஏறி வந்த சாலையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். காய்கறி மூட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு ஐப்பசி மாசம்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சு. ராத்திரி முழுக்க லாரியிலேயே கெடந்துட்டு மறுநாள் சாயங்காலம்தான் வீடு வந்தாரு. அன்னிக்குத்தான் நான் நல்லா சண்டை போட்டேன். 'இவ்வளவு வருஷமா அடுத்த சீசன், அடுத்த சீசன்னு ஏமாத்துறீங்களே'ன்னு. அப்பதான் சொன்னாரு, 'அந்த ரோட்டுல நீ பக்கத்துல உக்காந்திருந்தா, என் கண்ணு ரோட்டுல இருக்காது. உன் மேலதான் இருக்கும். எனக்குப் பயமா இருக்கு'ன்னு."

"இதை ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்ற பேச்சா அது?" என்றார் அம்மா, வெட்கத்தோடு. "அப்ப எனக்கு நம்பிக்கையும் வரல. சாக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். இப்ப இந்த ரோட்டைப் பார்த்தாத்தான் தெரியுது."

அதற்குப் பிறகு பெருமாள்மலையில் டீ குடிக்கும் வரை யாரும் அதிகம் பேசவில்லை. அம்மா வாந்தியும் எடுக்கவில்லை.

ஊருக்கு எட்டு கிலோமீட்டருக்கு முன்னால் வெள்ளி அருவி. ஆங்கிலத்தில் சில்வர் கேஸ்கேட். சாலை ஓரத்திலேயே 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. இ-பாஸ் காட்டிவிட்டு, மார்கழி மழையின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுப் போனோம்.

மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து ஏரிக்குப் போனோம். சுமார் 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திரம்போலக் கிளை விரித்த ஏரி. சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் சாலை. படகு, சைக்கிள், குதிரை, சுட்ட சோளம். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அம்மா தண்ணீரையே பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன்டி, இது கண்மாய்தானே? மறுகால் எங்க இருக்கு?"

என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால், அம்மா சொன்னது முழுக்கச் சரி. பெரிய குளத்தின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கும் மண்ணில் பிறந்தவர் கண்ணுக்குத் தப்புமா? கொடைக்கானல் ஏரி இயற்கையான ஏரியே அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் ஓடையின் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது. அதில் மீன் விட்டு, தூத்துக்குடியிலிருந்து படகும் கொண்டுவந்தார். மறுகால்? காலையில் கால் நனைத்தோமே, அந்த வெள்ளி அருவி. ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் அங்கே அருவியாக விழுகிறது.

இதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஏரியின்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது. "கரை நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு நடந்தார்.

"இங்க இவங்க ஏன் வந்தாங்க அம்மாச்சி, தெரியுமா?" என்று மகன் கைபேசியில் தேடிப் படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தான். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி வெள்ளகவி கிராமத்திலிருந்து ஏறிவந்து இந்த மலையை அளந்தார். அடுத்து வந்தவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். காலராவிலும் மலேரியாவிலும் அவர்கள் குடும்பங்களில் அடுத்தடுத்து சாவு. குழந்தைகளைக் காப்பாற்றிக்கொள்ளக் குளிர்ந்த இடம் தேடினார்கள். முதலில் திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845-ல் இங்கே வந்து சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். ஊர் அப்படித்தான் ஆரம்பித்தது.

"புள்ளைகளைக் காப்பாத்த வந்தாங்களா? பாவம்" என்றார் அம்மா. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அப்ப அதுக்கு முன்னாடி இங்க யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

இருந்தார்கள். பளியர்கள் இருந்தார்கள். மலைச்சரிவில் விவசாயம் செய்த குன்னுவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் வெகு காலத்துக்கு முன் வாழ்ந்தவர்கள் எழுப்பிய கல்திட்டைகள் தாண்டிக்குடி பக்கம் இன்னமும் நிற்கின்றன. 'கண்டுபிடித்தார்கள்' என்று நாம் பாடப்புத்தகத் தமிழில் சொல்லும்போது இவர்கள் எல்லாம் காணாமல் போய்விடுகிறார்கள்.

பிரையண்ட் பூங்காவிலும் இதே யோசனைதான் எனக்கு ஓடியது. 1908-ல் தொடங்கிய பூங்கா, பிரையண்ட் என்ற வன அதிகாரியின் பெயரில். மே மாத மலர்க் கண்காட்சி இங்கேதான் நடக்கும். சாலைக்கு லா, பூங்காவுக்கு பிரையண்ட், நடைபாதைக்கு கோக்கர். பெயர்ப் பலகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் மேலே இருந்து வேலை வாங்கியவர்கள். அவர்களையும் அவர்களின் பியானோவையும் இரும்புக் கட்டிலையும் தோளில் தூக்கி வந்தவர்களுக்கு என்ன இருக்கிறது? கூலி காட் என்ற பெயர் இருக்கிறது. அதிலும் ஆளின் பெயர் இல்லை. வாங்கிய கூலியின் பெயர்தான்.

அன்று சாயங்காலம் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872-ல் கோக்கர் என்ற ராணுவப் பொறியாளர் மலை விளிம்பில் அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை. இங்கிருந்து பார்த்தால் பெரியகுளம் தெரியும் என்று அம்மாவிடம் நாங்கள் சொல்லியிருந்தோம். போன நேரம் பனிமூட்டம் வந்து மூடிவிட்டது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இருந்தது. அப்பாவின் காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, அரைமணி நேரம் நின்றார் அம்மா. ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கும் வருவோம்" என்றார். கொடைக்கானலில் அம்மா தானாகக் கேட்ட ஒரே இடம் அதுதான்.

மறுநாள் காலை குறிஞ்சி ஆண்டவர் கோயில். இந்த முருகன் கோயில் கட்டப்பட்டது 1936-ல். கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்துவாக மாறி லீலாவதி ஆனவர். கோயிலைச் சுற்றிக் குறிஞ்சிச் செடிகள் இருக்கின்றன. 12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல்.

"2030-க்கு எனக்கு எத்தனை வயசு?" என்று அம்மா விரல் விட்டார்.

"80 சொச்சம்தான் அம்மாச்சி. வந்துரலாம்."

"பார்ப்போம். பூவு வாக்குத் தவறாது. நமக்குத்தான் உத்தரவாதம் இல்ல" என்று சிரித்தார்.

அங்கிருந்து சூரிய ஆய்வுக்கூடம் இருக்கும் பக்கம் போனோம். இதன் கதையை அம்மாவுக்குச் சொல்வது எளிதாக இருந்தது. காரணம், அவர் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர். 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வந்தது. மேகமும் தூசியும் குறைந்த இடமாகக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் இருந்த வானியல் வேலையை இங்கே மாற்றினார்கள். 1901 முதல் சூரியனை இங்கிருந்து கவனித்துப் பதிவு செய்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்ததும் இங்கேதான். உலக அறிவியல் பாடத்தில் இன்றும் அது 'எவர்ஷெட் விளைவு'.

"பஞ்சத்துல செத்தவுகளுக்காக சூரியனைப் பார்க்குறாங்களா..." என்று அம்மா அந்த வெள்ளைக் குமிழ்க் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தூண் பாறை, பைன் காடு வழியே போனபோது மகன் குணா குகையைக் காட்டினான். வெள்ளைக்காரர்கள் 'பேயின் சமையலறை' என்று சொன்ன இடம். 1991-ல் 'குணா' படம் வந்தபிறகு நமக்குக் குணா குகை. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. "குழியைப் பார்க்கக் காசு கொடுத்து வருவாங்களா?" என்று அம்மா காரை விட்டு இறங்கவில்லை. பைன் மரங்களை மட்டும் ரசித்தார். அதுவும் நம் மலையின் மரம் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் நட்டது. யூகலிப்டஸும் சீகை மரமும் அப்படித்தான் வந்தன. மலைக்குச் சொந்தமான சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பிடித்து வைத்து, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும். அந்த இடங்களில் அந்நிய மரங்கள் ஏற ஏற, ஓடைகளில் தண்ணீர் குறைகிறது. மேலே புல் இருந்தால்தான் கீழே நமக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கும் என்பது அடிவாரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்தியானம் பூம்பாறை. படிக்கட்டு மாதிரி வெட்டிய வயல்களுக்கு நடுவே அடுக்கி வைத்த வீடுகள். போகர் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரரு இங்க பூண்டு ஏத்த வருவாரு. பெரியகுளத்து டிரைவரு. அது ஆச்சு இருபத்தஞ்சு வருஷம்" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பார்வை முகத்திலிருந்து ஸ்வெட்டருக்கு இறங்கியது. "மாம்பழத்து டிரைவரா?"

"மாம்பழமா?"

"வைகாசி ஆனா பை நிறைய மாம்பழம் கொண்டாந்து புள்ளைகளுக்குக் கொடுப்பாரே! எங்க மலையில அது விளையாதுல்ல? அவரு லாரிச் சத்தம் கேட்டாலே புள்ளைக ஓடும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் வைகாசி மாதம் மாம்பழம் எண்ணிக்கை குறையும். அதற்காகத் தம்பி வாங்கிய அடிகள் கொஞ்சநஞ்சமல்ல. "அடப்பாவி மனுஷா" என்று அம்மா சொன்ன விதத்தில், ஒன்பது வருஷத்துக்கு முன் போனவர் பின்னாலேயே நிற்பதுபோல இருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கட்டுப் பூண்டைக் கையில் திணித்தார். காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

சாயங்காலம் மறுபடியும் கோக்கர்ஸ் வாக். அன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. நடைபாதையின் விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா முதல் முறையாக மேலேயிருந்து கீழே பார்த்தார். தூரத்தில் வைகை அணையின் தண்ணீர், தரையில் விழுந்த கண்ணாடித் துண்டுபோல. அதை அடையாளம் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தால், தோப்புகளின் கறும்பச்சைக்கு நடுவே எங்கள் ஊர்.

"அதுவா பெரியகுளம்? இத்துணூண்டா இருக்கு!"

சூரியன் இறங்கியது. குளிர் ஏறியது. கீழே ஒவ்வொன்றாக விளக்குகள் முளைத்தன. முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு எண்ண முடியாத அளவு. அரிசியை வாரி இறைத்ததுபோல. அம்மா கண்களைச் சுருக்கிச் சுருக்கித் தேடினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு தேடினார்.

"என்னம்மா தேடுற?"

"நம்ம வீட்டு லைட்டை. போட்டுட்டுத்தானே வந்தேன்?"

எனக்குத் தொண்டை அடைத்தது. திருட்டுப் பயம் என்று நினைத்தேனே!

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா பெருமூச்சு விட்டார். "இதுல நம்ம வீட்டு ஒத்தை பல்பு எங்க தெரியும்? தெருவே தெரியல." திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "பொய் சொல்லியிருக்காரு பாரு. முப்பது வருஷமா தெரிஞ்சுச்சு, தெரிஞ்சுச்சுன்னு பொய் சொல்லியிருக்காரு. கையாட்டுனது தெரிஞ்சுச்சாம்ல!"

"அப்ப இவ்வளவு லைட் இருந்திருக்காது அம்மாச்சி. ஒருவேளை தெரிஞ்சிருக்கும்" என்றான் மகன்.

"போய்யா. அப்பவும் தெரிஞ்சிருக்காது" என்றார் அம்மா. ஸ்வெட்டர் கையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்தக் குளிர்ல இங்க வந்து நின்னிருக்காரு. அது மட்டும் நெசம்."

பாதையை மூடப்போகிறோம் என்று காவலாளி விசில் ஊதும் வரை அங்கேயே நின்றோம்.

கொடைக்கானலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு, சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். ஏரிக்குக் கரை போட்டவர்களும், டோலி தூக்கிய தாத்தாவும், பூண்டு மூட்டையோடு அப்பாவும் அந்த மலையில் இருந்ததை இந்தத் தடவைதான் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் 'அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கலாம்' என்று நிற்கும் பயணம் ஏதாவது இருந்தால், தள்ளிப்போடாமல் கிளம்பிவிடுங்கள். பேச்சு நிறைய பாக்கி இருக்கும்.

மறுநாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். உச்சி வெயிலில் மொட்டைமாடி பல்பு வெளிறிப்போய் எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வருகிறேன் என்று மகன் ஓடினான். அம்மா தடுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக நின்று நின்று, தானே ஏறிப் போனார். மலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்தார்.

"கரன்ட் பில் எகிறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, பூம்பாறைப் பூண்டை உரிக்க உட்கார்ந்தார்.